எல்.சி. பணத்தை நிறுத்தச் சொல்லி உயர் நீதிமன்றம் போனேன்

கன்டெய்னரின் சீலை வெட்டிக் கதவைத் திறந்தபோது முதலில் தெரிந்தது நல்ல சரக்குதான். என் மனம் இன்றுவரை ஆறாமல் இருப்பதும் அதனால்தான்.

2019 ஜூன் முதல் வாரம். தண்ணீர் லாரிக்காகச் சென்னை குடங்களோடு தெருவில் நின்ற கோடை. மாதவரம் பக்கத்துக் கன்டெய்னர் கிடங்கு ஒன்றில் நானும் எங்கள் கிளியரிங் ஏஜென்ட்டும் நின்றுகொண்டிருந்தோம். சரக்கை வாங்குவதாகச் சொல்லியிருந்த பல்லாவரம் தோல் பதனிடும் ஆலையின் உரிமையாளரும் வந்திருந்தார். தோல் வணிகர்கள் நிறைந்த பெரியமேட்டில் எல்லோரும் அவரைப் பாய் என்றுதான் அழைப்போம். வந்திருந்தது கிழக்கு ஆப்பிரிக்க வெட் ப்ளூ, அதாவது குரோமில் பதனிட்டு ஈரத்தோடு அனுப்பும் நீல நிறத் தோல். முன்வரிசைப் பேலட்டை (மரத்தட்டில் அடுக்கிக் கட்டிய கட்டு) பிரித்ததும் பாய் ஒரு தோலை உருவி, விரித்து, விரலால் தடவிப் பார்த்தார். "சரக்கு நன்றாக இருக்கிறது தம்பி" என்றார்.

ஃபோர்க்லிஃப்ட் இரண்டு வரிசையைத் தாண்டியதும் வாடை மாறியது. பாலித்தீனைக் கிழித்தால், உள்ளே அறுத்துப்போட்ட ஓரத் துண்டுகள், கிழிந்த ஸ்பிளிட் என்னும் அடித்தோல், எடை கூட்டுவதற்காக நனைத்து அடைத்த மரத்தூள். நான்கு கன்டெய்னர்களிலும் சேர்த்து 76 பேலட். தேறியவை 16. ஒவ்வொரு கன்டெய்னரிலும் கதவோரம் நான்கு மட்டும் நல்லவை. பாய் வெகு நேரம் எதுவும் பேசவில்லை. பிறகு, "தம்பி, இது கை தவறி வந்த சரக்கு இல்லை. திறப்பவன் எதைப் பார்ப்பான் என்று தெரிந்தே அடுக்கியிருக்கிறான்" என்றார்.

சரக்கின் மதிப்பு 1,60,000 டாலர். அன்றைய விலையில் ஏறத்தாழ 1 கோடியே 12 லட்சம் ரூபாய். வாங்கியது 90 நாள் உசான்ஸ் எல்.சி.யில். எல்.சி. (லெட்டர் ஆஃப் கிரெடிட்) என்பது, கேட்ட ஆவணங்களை விற்பவர் கொடுத்தால் என் வங்கியே பணம் கொடுக்கும் என்ற உறுதிக் கடிதம். உசான்ஸ் என்றால் தவணைக் காலம் முடிந்ததும் பணம். சரக்கை ஏற்றியதற்குக் கப்பல் நிறுவனம் கொடுக்கும் சீட்டான பில் ஆஃப் லேடிங்கின் தேதி ஏப்ரல் 17. அதிலிருந்து கணக்கிட்டால் ஜூலை 16 அன்று என் வங்கி பணம் கொடுத்தாக வேண்டும். எல்.சி. வரம்புக்கு அடமானமாக இருந்தது புரசைவாக்கத்தில் அப்பா கட்டிய வீடு. அன்று எனக்குள் ஓடிய எண்ணம் ஒன்றே ஒன்று: பணம் இன்னும் போகவில்லை, ஒரு தடையாணை வாங்கிவிட்டால் போதும்.

அந்த எண்ணம் ஏன் தவறு என்பதை விரிவாக எழுத வேண்டும் என்று பல நாளாக நினைத்திருந்தேன். இறக்குமதி செய்யும் நண்பர்கள் அடிக்கடி என்னிடம் இதைப் பற்றிக் கேட்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் அன்று நான் நினைத்ததையே இன்று நினைக்கிறார்கள்.

முதலில் செய்த பிழையைச் சொல்கிறேன். கன்டெய்னரைத் திறந்த நாளிலிருந்து மூன்று வாரங்களைத் துபாயிலிருந்த இடைத்தரகரோடு பேசியே கழித்தேன். "விற்பவரிடம் பேசிவிட்டேன், பாதி விலை குறைத்துக்கொள்வார், கடிதம் வருகிறது" என்று தினமும் ஒரு வாக்குறுதி. விற்பவரோ, லாரியில் ஏற்றிய கான்ட்ராக்டர் செய்த வேலை, எனக்குத் தெரியாது என்று ஒரு மின்னஞ்சல் அனுப்பினார். ஜூன் கடைசி வாரத்தில் தரகரின் தொலைபேசி அணைந்தது. அதன் பிறகுதான் தம்புச் செட்டித் தெருவில் ஒரு மூத்த வழக்கறிஞரின் அறைப் படிகளை ஏறினேன்.

நான் கொண்டுபோன புகைப்படங்களை அவர் ஒவ்வொன்றாகப் பார்த்தார். அடையாறில் உள்ள மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனத்தில் மாதிரி கொடுத்து வாங்கிய அறிக்கையையும் படித்தார். பிறகு கேட்டார்: "உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நீங்கள் தடை கேட்பது யாருக்கு எதிராக?"

"விற்றவருக்கு எதிராக ஐயா."

"ஜூலை 16 அன்று பணம் அவருக்குப் போகிறதா, இல்லை வேறு யாருக்காவது போகிறதா? வங்கியில் கேட்டீர்களா?"

நான் கேட்டிருக்கவில்லை. எல்.சி. பணம் விற்பவருக்குப் போகும் என்பதைத் தாண்டி யோசித்ததே இல்லை.

எல்.சி. என்பதை நான் அதுவரை ஒரு காப்பு என்றே எண்ணியிருந்தேன். முன்பணம் அனுப்பி ஏமாந்தவர்கள் பெரியமேட்டில் எத்தனையோ பேர். நடுவில் வங்கி இருந்தால் வங்கி பார்த்துக்கொள்ளும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. வங்கி பார்ப்பது காகிதத்தை மட்டும். பாரிஸில் உள்ள சர்வதேச வர்த்தக சபை எல்.சி.க்கென்று வகுத்த யு.சி.பி. 600 விதிகள் 2007 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கின்றன. அதன் 4ஆம் பிரிவு எல்.சி.யும் விற்பனை ஒப்பந்தமும் தனித்தனி என்கிறது. வங்கிகள் கையாள்வது ஆவணங்களை, சரக்கை அல்ல என்பது 5ஆம் பிரிவு. ஆவணம் மெய்யா பொய்யா என்பதற்கு வங்கி பொறுப்பில்லை என்று 34ஆம் பிரிவு கைகழுவுகிறது. மொத்தம் 39 பிரிவுகள். மோசடி நடந்தால் என்ன செய்ய வேண்டும் என்று ஒன்றில்கூட இல்லை. அதை அந்தந்த நாட்டுச் சட்டத்துக்கு விட்டுவிட்டார்கள்.

நீதிமன்றம் எப்போது உள்ளே வரும் என்பதை விளக்க வழக்கறிஞர் ஐயா இரண்டு பழைய வழக்குகளைச் சொன்னார். முதலாவது 1941இல் நியூயார்க்கில் நடந்தது. அங்கே ஒருவர் தூரிகை செய்யப் பன்றி மயிர் கேட்டு எல்.சி. திறந்தார். விற்றது நம் லக்னோவைச் சேர்ந்த நிறுவனம். பெட்டிகளில் மாட்டு முடியும் குப்பையும் அடைத்து அனுப்பியதாக வாங்கியவர் வழக்குத் தொடர்ந்தார். விற்பவரே வேண்டுமென்று செய்த மோசடி, பணம் கொடுப்பதற்கு முன்பே வங்கிக்குத் தெரிவிக்கப்பட்டிருந்தால், எல்.சி. தனி என்ற கொள்கையை அந்த விற்பவரைக் காப்பாற்ற நீட்டக் கூடாது என்றது நீதிமன்றம். உலகெங்கும் இன்று எல்.சி. மோசடி வழக்குகளுக்கு மூலம் அந்தத் தீர்ப்புதான். எனக்கு உடனே நம்பிக்கை பிறந்தது. என் கதையும் அதே கதைதானே என்றேன்.

"அவசரப்படாதீர்கள். அந்த வழக்கில் ஆவணங்களைக் கொண்டுவந்த வங்கி, விற்பவருக்காக வசூல் செய்ய வந்த முகவர் மட்டுமே. தன் பணத்தைக் கொடுத்து ஆவணத்தை வாங்கிய வங்கியாக இருந்திருந்தால் கதை வேறு என்று நீதிபதியே குறிப்பிட்டிருக்கிறார்" என்றார்.

இரண்டாவது வழக்கு நம் ஊருடையது. சென்னையைச் சேர்ந்த தாராப்பூர் நிறுவனம் ஃபராக்கா அணைத் திட்ட வேலைக்காக மாஸ்கோவிலிருந்து மண் தோண்டும் இயந்திரங்களை எல்.சி.யில் வாங்கியது. இயந்திரம் சொன்னபடி வேலை செய்யவில்லை என்று இதே சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்தது. தனி நீதிபதி தடை கொடுத்தார். இரு நீதிபதிகள் அமர்வு அதை நீக்கியது. 1969இல் உச்ச நீதிமன்றமும் நீக்கியது சரியே என்றது. மாற்ற முடியாத எல்.சி. என்பது பன்னாட்டு வணிகத்தின் முக்கியமான இயந்திரம், மிக அரிதான சூழலில் தவிர நீதிமன்றம் அதில் கை வைக்கக் கூடாது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். 2007இல் ஹிமாத்ரி கெமிக்கல்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதையே இரண்டு வாசல்களாக வகுத்துச் சொன்னது. பரிவர்த்தனையின் அடித்தளத்தையே தகர்க்கும் அளவு கொடிய மோசடி ஒன்று. எந்த வகையிலும் ஈடுசெய்ய முடியாத பாதிப்பு மற்றொன்று. வெளிநாட்டு நிறுவனத்திடம் பிறகு வசூலிப்பது கஷ்டம் என்ற கவலை இரண்டாவது வாசலைத் திறக்காது.

ஏற்றியவர்தான் செய்தார் என்ற விற்பவரின் மின்னஞ்சலையும் ஐயா லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. பில் ஆஃப் லேடிங்கில் 1976 டிசம்பர் 16 அன்று ஏற்றிய சரக்கை 15 அன்றே ஏற்றியதாகச் சரக்கு ஏற்றும் தரகரின் ஊழியர் பொய்த் தேதி போட்ட வழக்கொன்று இங்கிலாந்தில் உண்டு. விற்பவருக்கு அது தெரியாது என்பதால் வங்கி பணம் கொடுத்தே ஆக வேண்டும் என்று 1982இல், அன்று அந்நாட்டின் உயர்ந்த மேல்முறையீட்டு மன்றமாக இருந்த பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. மோசடி நடந்தது என்று காட்டினால் மட்டும் போதாது, செய்தது யார் என்றும் காட்ட வேண்டும்.

இவ்வளவையும் கேட்ட பிறகும் வழக்குப் போடலாம் என்றேன். வீடு போகும் பயத்தில் இருப்பவனுக்குத் தாராப்பூர் தீர்ப்பு காதில் ஏறாது.

முதலில் எழுதிய பிராதில், மோசடி என்ற சொல் பக்கத்துக்குப் பக்கம் இருந்தது. ஐயா அதை வாங்கி, சொல்லுக்குச் சொல் சிவப்பு மையால் வட்டமிட்டுத் திருப்பிக் கொடுத்தார். உரிமையியல் நடைமுறைச் சட்டம், கட்டளை 6 விதி 4 மோசடியைப் பொதுவாகச் சொல்ல விடாது. யார், எந்தத் தேதியில், எந்த ஆவணத்தில், எதைப் பொய்யாகச் சொன்னார் என்று விவரம் விவரமாக எழுத வேண்டும். பேலட் எண், சீல் எண், எடைச் சீட்டு, புகைப்படத்தின் நேரம் என்று நான்கு நாள் உட்கார்ந்து எழுதினோம். சீல் வெட்டும்போது ஒரு சுயேச்சையான சர்வேயரை வைத்துக்கொள்ளாதது அப்போதுதான் உறைத்தது. எங்களிடம் இருந்தவை எல்லாம் நாங்களே எடுத்த படங்கள். கதவைத் திறந்ததும் சந்தேகம் வந்தால், அடுத்த பேலட்டைத் தொடாமல் சர்வேயரை அழையுங்கள்.

வணிக வழக்கு என்பதால் வழக்குக்கு முந்தைய சமரசப் பேச்சு கட்டாயம். அவசர இடைக்கால உத்தரவு கேட்கும்போது அதற்கு விலக்கு உண்டு. விற்பவர் வெளிநாட்டில் இருப்பதால் உயர் நீதிமன்றத்தின் அதிகாரத்தை வகுக்கும் சாசனமான லெட்டர்ஸ் பேட்டன்ட்டின் 12ஆம் பிரிவின்படி வழக்குத் தொடர அனுமதி தனியாக வாங்கினோம். ஜூலை 3 அன்று இடைக்காலத் தடை கிடைத்தது. கையில் அந்த உத்தரவின் நகலோடு என்.எஸ்.சி. போஸ் சாலையைக் கடந்தபோது அழுதுவிட்டேன். வீட்டுக்குத் தொலைபேசியில் சொன்னேன். அம்மா காளிகாம்பாள் கோயிலில் விளக்கேற்றச் சொன்னார்.

எட்டு நாள் நிலைத்தது அந்தத் தடை.

அதற்குள் ஒரு நாள் வங்கிக்கு வரச் சொன்னார்கள். வெளிநாட்டு வணிகப் பிரிவின் தலைமை மேலாளர் அம்மையார் என்னைப் பல வருடமாக அறிந்தவர். மேசையில், வங்கிகள் ஒன்றுக்கொன்று அனுப்பும் ஸ்விஃப்ட் செய்திகளின் நகல்களை அடுக்கி வைத்திருந்தார். "சார், இதைப் படியுங்கள்" என்றார். ஏப்ரல் 29 அன்று, சரக்கு இன்னும் கடலில் இருக்கும்போதே, வெளிநாட்டில் ஒரு வங்கி ஆவணங்களை நெகோஷியேட் செய்து, அதாவது விலை கொடுத்து வாங்கி, முதிர்வு தேதி வரையான வட்டியைக் கழித்துக்கொண்டு விற்பவருக்குப் பணம் கொடுத்துவிட்டது. எந்த வங்கியும் நெகோஷியேட் செய்யலாம் என்று என் எல்.சி.யிலேயே இருந்தது. அந்த வரியை நான்தான் விண்ணப்பத்தில் டிக் செய்திருந்தேன். மே 10 அன்று ஆவணங்களை ஏற்று, முதிர்வு தேதி ஜூலை 16 என்று என் வங்கி உறுதி செய்தியும் அனுப்பிவிட்டது. அந்த ஏற்புக்கு நான் கையெழுத்துப் போட்ட கடிதமும் அடுக்கில் இருந்தது.

"நீங்கள் பொய் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் நாளை அந்த வங்கி தன் ஊர் நீதிமன்றத்தில் எங்கள் மீது வழக்குப் போட்டால், எங்கள் கையெழுத்துக்கு என்ன மதிப்பு இருக்கும்? இந்த வழக்கில் நான் உங்களுக்கு எதிராகத்தான் நிற்க வேண்டும்" என்றார். அவர் குரலில் கடுமை இல்லை. அவர் சொன்னதில் பிழையும் இல்லை. அதை ஏற்க எனக்குச் சில வருடங்கள் ஆயின.

ஜூலை 11 அன்று தடையை நீக்கக் கோரிய மனு விசாரணைக்கு வந்தது. நீதிபதி எங்கள் தரப்பைப் பொறுமையாகக் கேட்டார். படங்களைப் பார்த்தார். "விற்றவர் ஏமாற்றினார் என்றே வைத்துக்கொள்வோம். பணம் கொடுத்த வங்கிக்கு அது தெரியும் என்பதற்கு என்ன ஆதாரம்?" என்று கேட்டார். இல்லை. அடுத்து, எங்கள் பிரமாணப் பத்திரத்தில் சரக்கு முழுவதும் கழிவு என்று இருந்ததை எதிர்த்தரப்பு வழக்கறிஞர் எடுத்துக்காட்டினார். நல்ல 16 பேலட்டையும் ஜூன் மாதமே பாயின் ஆலைக்கு அனுப்பியிருந்தோம். அதற்கான விலைப்பட்டியலும் டெலிவரி சலானும் இருந்தன. வேண்டுமென்று மறைக்கவில்லை. அவசரத்தில் அதை முக்கியம் என்று நினைக்கவில்லை. நீதிமன்றம் அப்படிப் பார்க்காது. எதிர்த்தரப்பைக் கேட்காமல் தடை கேட்கும்போது, உங்களுக்குப் பாதகமான உண்மையையும் நீங்களே சொல்லியிருக்க வேண்டும். ஒன்றை மறைத்தாலும் வழக்கின் மற்ற பலமெல்லாம் கரைந்துவிடும். என் வழக்கு எப்படியும் தோற்றிருக்கும் என்றாலும், அந்த ஒரு வரியால் நான் மோசடிக்கு ஆளானவன் என்ற நிலையிலிருந்து உண்மையை மறைத்தவன் என்ற நிலைக்கு இறங்கினேன். பணம் போனதைவிட அது வலித்தது.

தடை நீங்கியது. 16ஆம் தேதி வங்கி பணம் அனுப்பியது. எல்.சி.க்காக நான் முன்பே கட்டியிருந்த 20 சதவீத மார்ஜின் தொகையை எடுத்துக்கொண்டு மீதியைக் கடனாக்கினார்கள். டிவால்வ் ஆகிவிட்டது என்பார்கள் வங்கியில். அபராத வட்டியும் சேர்ந்தது. வேப்பேரியில் உள்ள காவல் ஆணையர் அலுவலகம் எங்கள் தெருவிலிருந்து நடந்து போகும் தூரம்தான். மத்தியக் குற்றப் பிரிவில் புகார் கொடுத்தோம். குற்றவாளி நாடு தாண்டி இருக்கும்போது அது எவ்வளவு தூரம் போகும் என்பது வணிகர்களுக்குத் தெரியும். குரோம் கலந்த கழிவை எங்கேயும் கொட்டவும் முடியாது. ஆம்பூர் பக்கத்தில் லெதர் போர்டு எனும் தோல் அட்டை செய்பவர் ஒருவர் லாரி வாடகை அளவுக்கான விலையில் எடுத்துக்கொண்டார். வீடு தப்பியது. அதற்குக் காரணம் மனைவியின் நகைகளும் பாய் அவ்வப்போது கொடுத்த வேலைகளும். கொரோனா ஆண்டுகளையும் அந்தக் கடனோடுதான் கடந்தோம்.

எல்.சி. விண்ணப்பப் படிவத்தை இன்று நான் நிரப்பும் விதம் வேறு. அந்தப் படிவம்தான் உங்கள் வழக்கு. பின்னால் நீதிமன்றத்தில் கேட்கப்போவதை அங்கேயே கேட்டுவிட வேண்டும். என் பழைய எல்.சி.யில் தரச் சான்றிதழ் என்று ஒன்று கேட்டிருந்தேன். கொடுக்க வேண்டியவர் யார் என்று எழுதவில்லை. விற்பவரே தன் லெட்டர்ஹெட்டில் தனக்குச் சான்று எழுதிக்கொண்டார், அது விதிப்படி செல்லுபடியாகும் ஆவணம். இப்போது, பெயர் குறிப்பிட்ட சுயேச்சை ஆய்வு நிறுவனம் கன்டெய்னரில் ஏற்றும்போது உடனிருந்து, இத்தனை சதவீதப் பேலட்டைப் பிரித்துப் பார்த்து, சீல் எண்ணோடு கொடுக்கும் சான்றிதழ் வேண்டும் என்று எழுதுகிறேன். செலவு ஆகும். விற்பவர் முகம் சுளிப்பார். சுளிப்பவரிடம் வாங்குவதில்லை.

எந்த வங்கியும் நெகோஷியேட் செய்யலாம் என்ற வரியைப் புதிய விற்பவருக்கு நான் கொடுப்பதில்லை. என் வங்கியின் கவுன்டரிலேயே பணம் கிடைக்கும்படி எல்.சி. திறந்தால், இடையில் இன்னொரு வங்கி நல்லெண்ணத்தோடு பணம் கொடுத்து நிற்கும் வாய்ப்பு குறையும். அப்படிப்பட்ட எல்.சி.க்கு விலை சற்று கூடுதலாகக் கேட்பார்கள், அதுவும் நியாயமே. வெளிநாட்டு வங்கி உங்கள் வங்கிக்காகப் பணம் தரும், நியூயார்க் போன்ற ஊரில் உள்ள ரீஇம்பர்ஸிங் வங்கியிடம் நேரடியாகப் பணம் எடுத்துக்கொள்ள அனுமதி இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால், சென்னை நீதிமன்றத்தின் தடை அங்கே எட்டும் முன் கணக்கில் பற்று விழுந்துவிடும். வாட்ஸ்அப்பில் வந்த ப்ரோஃபார்மா இன்வாய்ஸை (விற்பனைக்கு முன் அனுப்பும் விலைப்பட்டியல்) ஒப்பந்தம் என்று நம்பாதீர்கள். தோல் வணிகத்துக்கென்று சர்வதேச அமைப்புகள் வகுத்த மாதிரி ஒப்பந்தங்களில் நடுவர் தீர்ப்புக்கான ஏற்பாடு இருக்கிறது. விற்பவரைத் துரத்த அது ஒரு பாதையாவது தரும்.

இதையெல்லாம் கேட்டு, சட்டம் மோசடிக்காரன் பக்கம் நிற்கிறதே என்று சிலர் கொதிக்கிறார்கள். நானும் கொதித்தேன். 2022இல் மறுபக்கம் நிற்க நேர்ந்தது. ஃபினிஷ்ட் லெதர் ஏற்றுமதி செய்திருந்தோம். சரக்கு போய்ச் சேருவதற்குள் அங்கே விலை சரிந்தது. வாங்கியவர் எங்கள் ஆய்வுச் சான்றிதழ் போலி என்று தன் ஊர் நீதிமன்றத்தில் சொல்லிப் பணத்தை நிறுத்தினார். சான்றிதழ் கொடுத்த நிறுவனமே நேரில் வந்து மெய் என்று சொன்ன பிறகும் பணம் வர மூன்று மாதம் ஆனது. அந்த மூன்று மாதமும் ராணிப்பேட்டையில் எங்கள் வேலையாட்களுக்குச் சம்பளம் கொடுக்கக் கடன் வாங்கினேன். சந்தை விழும்போதெல்லாம் மோசடிப் புகார்கள் பெருகுவது எல்லா நாட்டிலும் நடப்பது. சீனாவின் உச்ச நீதிமன்றம் 2006 ஜனவரி 1 முதல் இதற்கென்றே தனி விதிகள் கொண்டுவந்தது. நல்லெண்ணத்தோடு பணம் கொடுத்துவிட்ட வங்கி இடையில் இருந்தால், மோசடியே ஆனாலும் நிறுத்தக் கூடாது என்கின்றன அவை. என் வீட்டை ஏறத்தாழ விழுங்கிய அதே விதி, நான் விற்பவனாக நிற்கும்போது என் கூலியைக் காக்கும் விதி. ஏற்றுமதி செய்பவர்கள் நம்பிக்கையில்லாத நாட்டு எல்.சி.க்கு இங்குள்ள வங்கியின் கன்ஃபர்மேஷனையும், அதாவது தானும் பணம் கொடுப்பதாக அது தரும் உறுதியையும் வாங்கிவிடுங்கள். கட்டணம் சில ஆயிரம் டாலர் ஆனாலும், வெளிநாட்டுத் தடையாணை இங்குள்ள வங்கியின் பொறுப்பைத் தொடாது.

தடையாணை பலிக்கும் வழக்கும் உண்டு. சென்ற ஆண்டு ஒன்றைப் பார்த்தேன். கொத்தவால் சாவடியில் பருப்பு வணிகம் செய்யும் நண்பரின் மகன், இருபத்தாறு வயது. அவன் திறந்த சைட் எல்.சி.யின் (தவணையின்றி, ஆவணம் சரியாக இருந்தால் உடனே பணம் கொடுப்பது) ஆவணங்கள் ஒரு திங்கட்கிழமை வங்கிக்கு வந்தன. செவ்வாய் மாலை என் அலுவலகத்துக்கு ஓடிவந்தான். கப்பல் நிறுவனத்தின் இணையதளத்தில் கன்டெய்னர் எண்களைப் போட்டுப் பார்த்திருக்கிறான். ஐந்தில் இரண்டு காலியாக வேறொரு துறைமுகத்தில் கிடப்பதாகக் காட்டியது.

"வங்கி ஆவணத்தை ஏற்றுவிட்டதா?" என்று கேட்டேன்.

"இல்லை அங்கிள், நான் இன்னும் கையெழுத்துப் போடவில்லை."

"அனுப்பிய வங்கி பணம் கொடுத்திருக்கிறதா?"

அதற்கும் அவனிடம் விடை இருந்தது. மதியமே கேட்டு எழுத்தில் வாங்கியிருந்தான். கொடுக்கவில்லை, ஆவணங்களை அனுப்பி மட்டும் வைத்திருக்கிறது. அவனைக் கட்டிக்கொள்ளத் தோன்றியது.

ஆவணங்கள் கைக்கு வந்த மறுநாளிலிருந்து ஐந்து வங்கி நாட்களுக்குள் வங்கி ஏற்கவோ மறுக்கவோ வேண்டும். மறுப்பதானால் ஒவ்வொரு குறையையும் எழுதி, ஒரே அறிவிப்பில் சொல்ல வேண்டும். அந்த நாட்கள் கடந்தால் உரிமையும் போய்விடும். ஆவணங்களில் குறை எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை என்றது வங்கி. புதன்கிழமை முழுவதும் கப்பல் நிறுவனத்தின் சென்னை அலுவலகத்தில் உட்கார்ந்து, இந்த எண்ணுள்ள பில் ஆஃப் லேடிங்கை நாங்கள் வெளியிடவில்லை என்று முத்திரையோடு கடிதம் வாங்கினான். லண்டனில் உள்ள, சர்வதேச வர்த்தக சபையின் கடல்சார் பணியகமான ஐ.எம்.பி.யும் கட்டணம் பெற்றுக்கொண்டு இப்படிச் சரிபார்த்துச் சொல்லும். எங்களுக்கு அந்த அவகாசம் தேவைப்படவில்லை.

வியாழக்கிழமை காலை ஐயாவின் ஜூனியர் நீதிபதி முன் அவசரத்தைச் சொல்லி லஞ்ச் மோஷனுக்கு, அதாவது அன்றே மதிய இடைவேளைக்குப் பின் விசாரிக்க அனுமதி வாங்கினார். வங்கியின் வழக்கறிஞருக்கு முன்கூட்டியே நகல் கொடுத்து அவரையும் நீதிமன்றத்தில் இருக்கச் செய்தோம். உத்தரவு பிறந்த நிமிடமே வங்கிக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக. பிராது ஒன்பதே பக்கம். நீதிபதி கேட்ட கேள்விகள் மூன்று. ஏற்றாகிவிட்டதா, எந்த வங்கியாவது பணம் கொடுத்திருக்கிறதா, கப்பல் நிறுவனத்தின் கடிதம் அசலா. மூன்றுக்கும் காகிதம் இருந்தது. தடை கிடைத்தது. அந்த வழக்கில் விற்பவர் கடைசிவரை நீதிமன்றத்தில் தோன்றவில்லை. எல்.சி. காலாவதியாகி, மார்ஜின் பணம் அவன் கணக்குக்குத் திரும்பியது.

அன்று மதியம் உயர் நீதிமன்ற வளாகத்தின் ஆவின் கடை அருகே நின்றபோது அவன் கேட்டான்: "அங்கிள், உங்கள் வழக்கிலும் இப்படி ஒரு கடிதம் கிடைத்திருந்தால் வீட்டுக் கடன் இல்லாமல் போயிருக்குமே?"

"என் பில் ஆஃப் லேடிங் அசல் தம்பி. அதில் சொன்ன கப்பலில்தான் சரக்கு வந்தது. எடையும் சரியாகவே இருந்தது."

அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். ஜூனியர் வேகமாக வந்து இருவரையும் கிளப்பினார். எதிர்த்தரப்பைக் கேட்காமல் தடை பெற்றவர், மனுவையும் ஆவணங்களையும் உடனே பதிவுத் தபாலில் அனுப்பி, அனுப்பியதற்குப் பிரமாணப் பத்திரமும் தாக்கல் செய்ய வேண்டும். கட்டளை 39 விதி 3. அதைத் தவறவிட்டால் கிடைத்த தடையே ஆட்டம் காணும். ஜெராக்ஸ் கட்டுகளைப் பங்கு போட்டுத் தூக்கிக்கொண்டு, ராஜாஜி சாலைத் தலைமைத் தபால் நிலையம் கவுன்டர் மூடுவதற்குள் போய்ச் சேர வேண்டுமென்று மூவரும் வேகமாக நடந்தோம்.